சந்தனம் பட்ட கண்ணாடி

மழை மேகத்தைக் கண்டால் மற்றவர்களுக்குக் காயப்போட்ட துணி நினைவுக்கு வரும். எனக்கு வேலை நினைவுக்கு வரும். தமிழ்க் கடைத்தெருவான பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளைக் கடந்து நடந்துகொண்டிருப்பேன். மேற்கே, கிள்ளான் பக்கம், வானம் கறுக்கத் தொடங்கும். கை தானாகப் பைக்குள் போய்க் கைப்பேசியைத் தேடும். விடுமுறையில் இருந்தாலும் தேடும். யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் தேடும். அந்தக் கடைகளில் சந்தனம் மணக்கும் என்பதால் இப்போதெல்லாம் சாலையின் மறுபக்கமாகத்தான் நடக்கிறேன்.

கிள்ளானைத் தாண்டிக் கடலோரமாக ஒரு சின்ன எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. பதினெட்டு வருடமாக அதன் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். சின்னது என்றால் உண்மையிலேயே சின்னது. ஒரு டர்பைன், ஒரு புகைபோக்கி, ஒரு பட்டறை, சாப்பிட ஓர் அறை, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாய். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது தினமும் ஓடியது. பிறகு சோலார் வந்தது. வீட்டுக் கூரைகளில் வந்தது, பழைய ஈயச்சுரங்கக் குட்டைகளின் மேல் வந்தது, செம்பனைத் தோட்டங்களை அழித்த நிலங்களில் வரிசை வரிசையாக வந்தது. வெயில் காயும்வரை இந்த நாட்டுக்கு எங்கள் தயவு தேவையில்லை என்று ஆகிவிட்டது.

"அப்ப மூடிட வேண்டியதுதானே?" என்று கேட்காத உறவினர் இல்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடக் கேட்டிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு நம் ஊர் வானம் என்ன செய்யும் என்று தெரியும்தானே. காலை முழுக்கப் பளீரென்று காய்ந்துவிட்டு, அரை மணி நேரத்தில் இருட்டிக்கொண்டு கொட்டும். அப்போது சோலார் பாதியாகச் சரியும், ஆனால் எல்லார் வீட்டிலும் ஏர்கோன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாட்டரிகள் கொஞ்ச நேரம் தாங்கும். அணைந்து கிடக்கும் பெரிய நிலையத்தைச் சூடாக்கி எழுப்பப் பல மணி நேரம் ஆகும். எங்களுடையது பத்து நிமிடத்தில் எழுந்துவிடும். விருந்தாளி சொல்லாமல் வந்து நின்றால் விறகடுப்பையா மூட்டுவோம்? ஒற்றை கேஸ் அடுப்பைத்தானே பற்றவைப்போம். நாங்கள் அந்த ஒற்றை அடுப்பு.

ஆகவே எங்கள் வேலை காத்திருப்பது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை நாட்டு மின்சாரத்தைப் பங்கிடும் கிரிட் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அழைப்பு வரும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஓடுவோம். மேகம் கலையும், நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்துவோம். நிறுத்தினாலும் அது உடனே நிற்பதில்லை. சூடாக இருக்கும் தண்டு தன் எடையிலேயே வளைந்துவிடக் கூடாது என்று ஒரு சின்ன மோட்டார் அதைப் பல மணி நேரம் மெதுவாக உருட்டிக்கொண்டே இருக்கும். வெளியில் இருப்பவர்கள் ஓய்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். உள்ளே அது முனகிக்கொண்டு சுற்றும். என் வீட்டு மின்விசிறியிலும் அந்தச் சத்தம்தான் கேட்கிறது. காலையில் கிள்ளான் ரயிலில் கண்ணை மூடினால் அங்கேயும் கேட்கிறது. முன்பெல்லாம் இப்படிக் கேட்டதில்லை.

எங்கள் நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்த்த ஓர் அண்ணன் இருந்தார். டெங்கில் பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், ஒரு குத்தகை நிறுவனத்தின் வழியாக எங்களிடம் வந்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கத்தோலிக்கர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மா என்பார். எதையும் கழற்றினால் ஊதிப் பார்ப்பார், துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பிறகு துணியில் சுற்றி வைப்பார். பிரசவ வார்டு தாதிபோல் இருக்கிறீர்களே என்று நான் கேலி செய்வேன். சிரிப்பாரே ஒழிய ஊதுவதை நிறுத்த மாட்டார். விளிம்பு உடைந்த நீல நிறக் கோப்பை ஒன்று வைத்திருந்தார். அதில்தான் காப்பி.

ஆயுத பூஜை என் யோசனை. எல்லா லோரிக்கும் வாழைக்கன்று கட்டுகிறார்கள், எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள், இவ்வளவு பெரிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு நாம் மட்டும் சும்மா இருக்கிறோமே என்று நான்தான் ஆரம்பித்தேன். எங்கள் பாஸ் ஒரு சீனர். இரண்டு நிபந்தனை போட்டார். இயந்திரத்தின் மேல் பூவோ பொட்டோ எதுவும் கூடாது, பட்டறை மேசையில் கைக்கருவிகளை மட்டும் வைத்துக் கும்பிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அவருக்கு ஒரு கிண்ணம் சுண்டல் தனியாக எடுத்துவைக்க வேண்டும். காவலாளிகள், வேன் ஓட்டுநர், நான் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருடா வருடம் செய்தோம். அண்ணன் பூஜையில் சேரமாட்டார். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நிற்பார். சுண்டலில் பெரும்பங்கு அவருக்குத்தான் போகும்.

டர்பைனுக்குள் எரிவாயு உண்மையில் பற்றிக்கொண்டதா என்று பார்க்க இரண்டு கருவிகள் உண்டு. முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி, பின்னால் கைப்பிடி அளவு உருளை. அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் கண் என்போம். கண்ணுக்குத் தீ தெரியாவிட்டால் கம்ப்யூட்டர் எரிவாயுவை அடைத்துவிடும். பற்றாத எரிவாயு உள்ளே சேர்ந்தால் வெடிக்கும், அதனால் அந்த ஏற்பாடு. ஒரு கண்ணுக்குத் தெரிந்தாலே போதும், ஓடும்.

போன வருடம் பூஜையன்று காலையில் அண்ணன் இரண்டு கண்களையும் கழற்றிச் சுத்தம் செய்தார். வழக்கம்போல் ஊதினார், துடைத்தார், தூக்கிப் பார்த்தார், வெள்ளைத் துணியில் சுற்றிப் பட்டறை மேசையின் ஓரத்தில் வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார். அதே மேசையில்தான் நாங்கள் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், மீட்டர் எல்லாவற்றையும் அடுக்கினோம். கற்பூரம் காட்டி முடித்ததும் மற்றவர்கள் சாப்பாட்டு அறைக்கு நகர்ந்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தோடு மேசையைச் சுற்றி வந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூஜையில் வைத்த எதுவும் மூடியிருக்கக் கூடாது. தையல் மெசினின் உறையைக்கூட எடுத்துவிட்டுத்தான் பொட்டு வைப்போம். மேசை ஓரத்தில் இரண்டு வெள்ளைச் சுருணைகள் இருந்தன. பிரித்தேன். இரண்டு வட்டக் கண்ணாடிகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பொட்டுக்கென்றே செய்த இடம்போல் இருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். அது என்ன கருவி என்று எனக்குத் தெரியாதா? பதினேழு வருடம் அதன் பெயரைத் திரையில் பார்த்தவள். அந்த நேரத்தில் கை நினைத்ததே தவிரத் தலை நினைக்கவில்லை. பிறகு தூசு படக்கூடாது என்று, இருந்த மாதிரியே அழகாகச் சுற்றி வைத்தேன். என்ன ஒரு அக்கறை.

சாப்பிட்டு வந்த அண்ணன், தான் சுற்றிவைத்த மாதிரியே சுருணைகள் இருப்பதைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடிப் பக்கம் குழாய்க்குள் போகும், பின்பக்கத்தைப் பிடித்துத்தான் திருக வேண்டும். ஏற்கெனவே துடைத்துவைத்ததை ஒருமுறை திருப்பிப் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் பார்க்காமல் விட்டிருப்பார்.

மூன்றரை மணிக்கு வானம் இருண்டது. அழைப்பு வந்தது. மேகம் வேகமாகப் பரவுகிறது, வடக்கே ஒரு பெரிய நிலையம் பழுதுக்காக நிற்கிறது, உடனே எழும்புங்கள் என்றார் கிரிட் ஆள். பாஸ் தன் அறையில் தொலைபேசியில் இருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். தண்டு வேகம் எடுத்தது, காற்று உள்ளே புகுந்து துடைத்தது, எரிவாயு திறந்தது, பொறி விழுந்தது. திரையில் சிவப்பு வரி வந்தது. தீ தெரியவில்லை. எரிவாயு அடைபட்டது. அண்ணன் டர்பைன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாக்கி-டாக்கியில் சொன்னேன்.

"அண்ணே, பத்தல."

"எந்தக் கண்ணு மா?"

"ரெண்டும்."

"ரெண்டும் ஒண்ணா போவாதே. நான் கழட்டிப் பாத்துடவா? அஞ்சு நிமிஷ வேலதான்."

அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன். பொத்தானுக்கு மேல் இருந்த வலது மோதிர விரல். நகத்தின் இடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு. ஏர்கோன் குளிரில் அது காய்ந்து வெடித்திருந்தது. எல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது.

கிரிட் ஆள் இன்னொரு காதில் பேசினார். இன்னும் கால் மணி நேரம் எப்படியாவது இழுத்துப்பிடிக்கிறேன், அதற்குள் வராவிட்டால் உங்கள் பக்கம் சில இடங்களுக்கு மின்சாரத்தை வெட்ட வேண்டியிருக்கும் என்றார். அண்ணன் கழற்றித் துடைத்திருந்தால் அந்தக் கால் மணி நேரம் போதுமாக இருந்திருக்கும். கழற்றினால் சந்தனத்தைப் பார்த்துவிடுவார். பாஸ் போட்ட நிபந்தனை, நான் ஆரம்பித்த பூஜை, என் விரல். இதையெல்லாம் நான் யோசித்தேன் என்று எழுதினால் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோல் தெரியும். யோசிக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

"வேணாம்ணே. நேரமில்ல. இன்னொரு ஸ்டார்ட் குடுக்குறேன்."

"சரி மா. நீ சொன்னா சரி."

இரண்டாவது தடவையும் அதே சிவப்பு வரி வந்தது. வரும் என்று தெரிந்துதான் அழுத்தினேன். மறுமுனையில் கிரிட் ஆள் பெருமூச்சு விட்டார். கிள்ளானில் சில வட்டாரங்களை வெட்டினார்கள். திரையில் அது வெறும் எண் இறங்குவதுதான். அதற்குள் அண்ணன் என்னைக் கேட்காமலேயே ஸ்பேனரை எடுத்துவிட்டிருந்தார்.

"கண்ணாடி அழுக்கா இருந்துச்சு. துடைச்சிட்டேன். இப்பக் குடு மா."

மூன்றாவது தடவை பற்றியது. திரையில் தீ தெரிந்தது. வெட்டிய இடங்களுக்கு மின்சாரம் திரும்ப மொத்தம் அரை மணி நேரம் ஆனது.

மாலையில் தங்கை கூப்பிட்டாள். கிள்ளானில் ஓர் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். சின்ன வயதில் அலமாரிக்குள் மாட்டிக்கொண்டதிலிருந்து அவளுக்கு மூடிய இடம் ஆகாது. பாசாரிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறியிருக்கிறாள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் இருட்டில், தனியாக. கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை வீங்கிவிட்டது.

"என்னக்கா கரண்ட் நடத்துறீங்க நீங்கல்லாம்? உள்ளயே செத்துப் போயிடுவேன்னு நெனச்சேன். உன் பேரச் சொல்லித்தான் கத்துனேன், தெரியுமா?"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தண்ணீர் குடி என்று ஏதோ சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து அவள் லிஃப்டில் ஏறுவதில்லை. ஒன்பது மாடியும் படிதான். முட்டி தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லியும் படிதான். விசேஷங்களில் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள், மீனுக்கும் தனக்கும் நடந்த உரையாடல் என்று இட்டுக்கட்டி நடித்துக் காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

விசாரணைக்குத் தலைமையகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அண்ணன் எழுதிக்கொடுத்தது ஒரே ஒரு வரி. மாட்டும்போது கண்ணாடியைச் சரியாகப் பார்க்கவில்லை, தவறு என்னுடையது. என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள். இரண்டாவது ஸ்டார்ட் கொடுத்தது யார் முடிவு? என் முடிவு, விதிப்படி இரண்டு தடவை முயலலாம் என்றேன். அது உண்மைதான். கழற்றிப் பார்க்கவா என்று யாராவது கேட்டார்களா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நானே எனக்குச் சட்டம் போட்டுக்கொண்டேன். அந்த மாதக் கடைசியோடு அண்ணனின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நீலக் கோப்பையை மறந்தாரோ, விட்டுவிட்டாரோ, அது அலமாரியிலேயே இருந்தது. யாரும் அதில் குடிக்கவில்லை. வாரம் ஒருமுறை நான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த இடம் என்னைத் துரத்தத் தொடங்கியது. முன்பு டர்பைன் ஓடாத நாட்களில் புத்தகம் படிப்பேன், ஓட்டுநரோடு வம்பளப்பேன். இப்போது அந்த அமைதியில் உட்கார முடியவில்லை. வெயிலில் காய்ந்த தகடு எங்கேயாவது டக்கென்று சொடுக்கும். வாக்கி-டாக்கியில் அண்ணன் பேச வாயெடுத்ததுபோல் இருக்கும். கழட்டிப் பாத்துடவா மா? பட்டறைப் பக்கம் போனால் அந்த மேசை. அதன் ஓரத்தில் யாராவது ஒரு வெள்ளைத் துணியை வைத்திருந்தால் எடுத்துப் பிரித்துப் பார்க்காமல் என்னால் நகர முடியாது. உள்ளே ஒன்றும் இருக்காது. மறுபடி பிரிப்பேன்.

ஸ்டார்ட் கொடுக்கும்போது பொறி விழுவதற்கும் தீ தெரிவதற்கும் நடுவில் சில விநாடிகள் உண்டு. அந்த விநாடிகளில் திரை எனக்குத் தெரிவதில்லை. மஞ்சளாக, நடுவில் சிவப்பாக, ஒரு வட்டம்தான் தெரியும். அது என்னைப் பார்க்கும். நெற்றியில் சந்தனம் வைப்பதை நிறுத்திவிட்டேன். ஸ்டிக்கர் பொட்டுதான். தங்கை கேட்டதற்குத் தோல் அரிக்கிறது என்றேன். ஒரு பொய்க்கு எத்தனை துணைப் பொய் தேவைப்படுகிறது பாருங்கள்.

சில மாதங்கள் இப்படிப் போன பிறகு ஒரு கடிதம் எழுதினேன். பாஸுக்கு. ஒன்றரைப் பக்கம். சந்தனம், சுருணை, கழற்றிப் பார்க்கவா என்று அண்ணன் கேட்டது, நான் வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாஸிடம் கொடுப்பதற்கு முன்னால் அண்ணனிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடுமுறை போட்டுவிட்டு டெங்கிலுக்குப் போனேன்.

தோட்டத்தை மூடிய பிறகு தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணன்தான் கதவைத் திறந்தார். கரிந்துபோயிருந்தார். மூக்குத் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"வா மா. மழையால இன்னைக்கு வேல இல்ல, இல்லன்னா வீட்டுல இருந்திருக்க மாட்டேன்."

காப்பி கலக்கிக்கொண்டு வந்தார். என்ன வேலை என்று கேட்டேன்.

"சோலார்தான். இங்க பக்கத்துல பெரிய காடு மாதிரி போட்டுருக்காங்க இல்ல, அங்க. பேனல் கழுவுறது. விடிஞ்சதும் ஆரம்பிப்போம், சூடு ஏறுறதுக்குள்ள முடிக்கணும். அப்புறம் புல்லு வெட்டுறது, கம்பி பாக்குறது, அது இதுன்னு. ஒரு குருவி எச்சம் போட்டா போதும் மா, அந்த வரிசையே படுத்துக்கும். தேடித் தேடித் துடைக்கணும்." கையைத் திருப்பிக் காட்டினார். நீர் ஊறி வெளுத்திருந்தது. "கண்ணாடி துடைக்கிற வேலதான்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பியைக் கீழே வைத்தேன். கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, இரண்டு தடவை படித்தார்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்றேன்.

"கழட்டுனதும் தெரிஞ்சுது. நடுவுல அழகா வச்சிருந்தே. வேற யாரு அவ்ளோ நேரா வைப்பா? ஆனா அதுக்கு முன்னாலயே எனக்குச் சந்தேகம்தான். வேணாம்ணேன்னு சொன்னியே, அந்தக் குரலு உன் குரலு மாதிரியே இல்ல."

"அப்ப ஏன் எங்கயும் சொல்லல?"

"நான் சர்ச்சுக்குப் போறவன் மா. நான் போயி சந்தனத்தாலதான் மெசின் நின்னுச்சுன்னு சொன்னா, பாரு, பூச மேல பழி போடுறான்னு நம்ம ஆளுங்களே சொல்லுவாங்க. பூசயயும் நிறுத்திடுவாங்க. அது என் வாயால வரக் கூடாதுன்னுதான் வெறும் அழுக்குன்னு சொல்லித் துடைச்சேன்." பிறகு, அதே குரலில், "நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார். "மூணு நாளு பாத்தேன். நாலாவது நாளுதான் எழுதிக் குடுத்தேன்."

அந்த மூன்று நாளும் எனக்கு நினைவிருக்கிறது. சாப்பாட்டு அறையில் எனக்கு எதிரே வந்து உட்காருவார். ஒன்றும் பேசமாட்டார், கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைப்பார். சோகமாக இருக்கிறார் என்று நினைத்தேன். நான் வாய் திறப்பதற்காக இடம் விட்டுக் காத்திருந்திருக்கிறார். அழுகை வந்தது. அவர் முன்னால் அழும் உரிமை எனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

கடிதத்தை மடித்தார். தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், இது இத்தோடு போகட்டும் மா என்பார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. அவர் கடிதத்தை என் கையில் வைத்தார்.

"இது எனக்கு எழுதினது இல்லயே. ஏன் எங்கிட்ட கொண்டாந்தே?"

கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை வந்து குடை கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது இருபுறமும் அந்தப் பேனல் வரிசைகள் மழையில் நனைந்து கிடந்தன. அத்தனையும் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தன.

இதையெல்லாம் பெயர் போடாமல் எழுதுகிறேன். ஊர் உண்டு, ஆள் உண்டு, பெயர் இல்லை. இதுவும் ஒரு வகையில் துணி சுற்றி வைப்பதுதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இந்த வருடமும் ஆயுத பூஜை வந்தது. கடிதம் என் கைப்பையில், அதே மடிப்போடு இருந்தது. பூஜை முடிந்ததும் கொடுத்துவிடுவது என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். பட்டறை மேசையில் கருவிகளை அடுக்கினார்கள். சந்தனக் கிண்ணத்தை ஓட்டுநர் வழக்கம்போல் என்னிடம் நீட்டினார். நீங்களே வையுங்கள் என்றேன். மேசையில் மூடிய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தேன். எதுவும் இல்லை. பாஸுக்கான சுண்டல் கிண்ணத்தை நானே எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்கு வந்தேன்.

அவரிடம் கிண்ணத்தைக் கொடுத்து, பாஸ், ஒரு விஷயம் என்று தொடங்கும்போது அழைப்பு வந்தது. மேற்கே இருண்டுகொண்டிருந்தது. சோலார் சரிகிறது, எழும்புங்கள். உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். தண்டு வேகம் எடுத்தது. பொறி விழுந்தது. அந்த மஞ்சள் வட்டம் வந்தது, என்னைப் பார்த்தது, போனது. திரையில் தீ தெரிந்தது. இரண்டு கண்ணுக்கும்.

பாஸ் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சுண்டலை மென்றுகொண்டே எண்கள் ஏறுவதைப் பார்த்தார். அவருக்குத் திருப்தி. எப்போதும்போல் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார்.

"பார்த்தாயா, அந்த ஆள் போனதிலிருந்து நமக்கு ஒரு தடவைகூடத் தவறவில்லை."

பை என் காலடியில் இருந்தது. வெளியே டெங்கில் பக்கமும் இந்நேரம் மழை இறங்கியிருக்கும், அண்ணன் புல்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது ஒதுங்கியிருப்பார். ஏதோ சொல்ல வந்தாயே, என்ன என்று பாஸ் கேட்டார்.

"ஒன்றுமில்லை பாஸ்," என்றேன். பிறகு அவர் முதலில் சொன்னதற்கும் பதில் சொன்னேன்.

"ஆமாம். ஒரு தடவைகூட இல்லை."